எழுத்துக்குக் கீழே ஒரு நிறம்

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலோர ரயில் பாதைக்கும் இடையிலுள்ள ஓர் ஒழுங்கையில் என் அக்கா குடியிருக்கிறார். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வருகின்ற ஆவணங்களைத் தமிழாக்குவது அவருடைய தொழில். காணி உறுதிகள், பிறப்புப் பதிவுகள், நீதிமன்ற அறிவித்தல்கள், திணைக்களச் சுற்றறிக்கைகள் என்று அவருடைய மேசைக்கு வராத தாள் இல்லை. 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் நீண்ட அறிக்கை ஒன்று திருத்தத்துக்காக அவரிடம் திரும்பி வந்தது. மொழிபெயர்ப்பில் பிழை எதுவும் இருக்கவில்லை. ஆனால், ஒரே அலுவலரைக் குறிக்க மூன்றாம் பக்கத்தில் ‘கிராம உத்தியோகத்தர்’ என்றும், நடுவில் ‘கிராம அலுவலர்’ என்றும், கடைசியில் ‘கிராம சேவையாளர்’ என்றும் வந்திருந்தது. மூன்றும் இந்நாட்டில் வழங்குகின்ற பெயர்கள்தான். எனினும் ஓர் ஆவணத்துக்குள் மூன்றும் வந்தால், வாசிப்பவர் மூன்று வெவ்வேறு பதவிகள் என்று எண்ணிக்கொள்ள இடமுண்டு.

“தம்பி, நான் எழுதேக்கயே அந்தச் சொல்லு நிறம் மாறித் தெரிஞ்சா நல்லம். எழுதி முடிச்சாப் பிறகு தேடினா எல்லாம் பிடிபடாது” என்றார்.

கேட்கும்போது இது ஒரு மாலை நேரத்து வேலை போலத்தான் இருந்தது. அவரிடம் ஒரு சொற்பட்டியல் இருந்தது. எழுதுவதற்கு உலாவியில் ஓர் எழுத்துப் பெட்டி போதும். பட்டியலிலுள்ள சொல் பெட்டிக்குள் விழுந்தவுடன் அதன் பின்னணி மஞ்சளாக வேண்டும். அந்த வேலை என்னை மூன்று ஆண்டுகளுக்கு மேலாகப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த ஆண்டுகளில் அறிந்தவற்றை, தமிழில் இத்தகைய கருவி ஒன்றைச் செய்ய முனையும் வேறொருவருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதி வைக்கிறேன்.

இணையப் பக்கங்களில் நாம் பந்தி பந்தியாக எழுதும் பெட்டி, எச்டிஎம்எல் மொழியில் டெக்ஸ்ட்ஏரியா எனப்படுகிறது. அது வெறும் எழுத்தை மட்டுமே ஏற்கும். அதனுள்ளே ஒரு சொல்லுக்கு மட்டும் தனி நிறம் கொடுக்க வழியில்லை; பெட்டி முழுவதற்கும் ஒரே எழுத்துரு, ஒரே நிறம். ஆகவே சொல்லுக்கு நிறமிட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் நாடுவது, சாதாரண ஒரு பகுதியையே திருத்தக்கூடியதாக மாற்றுகின்ற கன்டென்ட்எடிட்டபிள் என்ற பண்பை. நானும் அதையே நாடினேன். ஒவ்வொரு எழுத்து விழும்போதும் முழுப் பந்தியையும் வாசித்து, பொருந்துகின்ற சொற்களைச் சுற்றி மார்க் என்னும் குறியை இட்டு, பழைய உள்ளடக்கத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன்.

அன்றிரவே அக்கா அழைத்தார். கர்சர் ஒவ்வொரு முறையும் பந்தியின் தொடக்கத்துக்குப் போய்விடுகிறது என்றார். அவர் கர்சரை வைத்திருந்த இடத்தை நான் அவருடைய காலடியிலிருந்து உருவிவிட்டு, அதே தோற்றத்தில் வேறொரு தரையைப் போட்டிருந்தேன். உலாவிக்குப் பழைய இடம் தெரியாது. கர்சரின் இடத்தைக் குறித்து வைத்து மீண்டும் அங்கே நிறுத்தும் நிரலையும் எழுதினேன். அதன் பிறகு, கண்ட்ரோல் இசட் அழுத்தினால் முந்திய நிலை திரும்பவில்லை என்ற முறைப்பாடு வந்தது. நாமே உள்ளடக்கத்தை மாற்றும்போது உலாவி வைத்திருக்கும் திருத்த வரலாறு குலைந்துவிடுகிறது. வேறோர் ஆவணத்திலிருந்து பேஸ்ட் செய்தால், அதன் எழுத்துருவும் அளவும் நிறமும் கூடவே வந்து இறங்கின.

இவற்றையெல்லாம் விடப் பெரிய இடைஞ்சல் தமிழ்த் தட்டச்சிலிருந்து வந்தது. அக்கா பாமினி முறையில் பழகியவர். இலங்கையில் தமிழ்த் தட்டச்சுப் படித்த பலரைப் போல, அவருடைய விரல்கள் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரிகின்ற ஒழுங்கில் அடிக்கும்; ‘கொ’ வேண்டுமென்றால் முதலில் கொம்பு, அடுத்து ககரம், அடுத்து அரவு. கணினிகள் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஒரு குறியெண் வைத்துச் சேமிக்கும் பொதுத் தரமான யூனிகோட்டிலோ மெய்யெழுத்து முதலில் வர வேண்டும், உயிர்க்குறி அதன் பின்னால் வர வேண்டும். ஆகவே இடையில் நிற்கின்ற தட்டச்சு உதவி நிரல், முன்னர் இட்ட கொம்பை அழித்து, ககரத்தை இட்டு, கொம்பை அதன் பின்னால் மீண்டும் இட்டு, அரவு வந்ததும் இரண்டையும் ஒன்றாக்குகிறது. ஒரேயோர் உயிர்மெய் எழுத்துக்காகப் பெட்டியின் உள்ளடக்கம் சில கணங்களுக்குள் பல தடவை மாறுகிறது. அந்த மாற்றங்களின் நடுவில் என் நிரல் புகுந்து பந்தியை மாற்றி வைத்தபோது, உதவி நிரல் அழிக்க வந்த கொம்புக்குப் பதிலாக வேறோர் எழுத்து அழிந்தது. கைத்தொலைபேசி விசைப்பலகைகளிலும் இதே தொல்லை உண்டு; சொல் முடியும்வரை அவை எழுத்தைக் கோர்வை நிலையிலேயே, அதாவது இன்னும் முடிவாகாத நிலையிலேயே வைத்திருக்கும்; அந்நிலையில் உள்ளடக்கத்தைத் தொட்டால் கோர்வை அறுந்து எழுத்து இரட்டிக்கும் அல்லது தொலையும். கோர்வை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று உலாவி அறிவிக்கும் நிகழ்வுகள் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால், உதவி நிரல்கள் எல்லாம் அந்த ஒழுங்கைப் பின்பற்றுவதில்லை.

இந்த இடத்தில்தான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இன்றுவரை அதிலிருந்து விலகவில்லை. எழுதுபவர் கை வைத்திருக்கும் எழுத்தை, அதை நோக்கிக்கொண்டிருக்கும் கருவி ஒருபோதும் தொடக்கூடாது. நிறம் எழுத்துக்குள் இருக்கத் தேவையில்லை. எழுத்துக்குக் கீழே இருந்தால் போதும்.

கீழே வைப்பது எப்படி? டெக்ஸ்ட்ஏரியாவை அப்படியே விட்டுவிட வேண்டும். அதற்கு நேர் பின்னால், அதே அகல உயரத்தில் இன்னொரு தளம் போட வேண்டும். பெட்டியில் எழுதப்படுவதை அந்தத் தளத்திலும் பிரதி செய்து, அங்கே எழுத்தின் நிறத்தை ஒளிபுகுவதாக்கி, பொருந்துகின்ற சொற்களுக்கு மட்டும் பின்னணி நிறம் கொடுத்து, மேலே நிற்கும் பெட்டியின் பின்னணியையும் ஒளிபுகுவதாக்கினால், வாசிப்பவருக்கு எழுத்தும் நிறமும் ஒன்றாகத் தெரியும். கர்சர், திருத்த வரலாறு, கோர்வை, பேஸ்ட் எல்லாம் உலாவியின் பொறுப்பிலேயே இருக்கும். பிரதி செய்வதற்கு இன்புட் என்ற நிகழ்வைக் கேட்பதே சரி. விசை மேலெழும் நிகழ்வை மட்டும் நம்பினால், சுட்டியால் பேஸ்ட் செய்ததும் குரலால் சொல்லி எழுதியதும் தவறிப்போகும்.

சொல்வதற்கு இது எளிது. ஆனால், இரண்டு தளங்களும் ஒரு பிக்சலும் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று கிடக்க வேண்டும். டெக்ஸ்ட்ஏரியாவுக்கு உலாவி தானாகக் கொடுக்கும் எழுத்துரு வேறு என்பதால், எழுத்துரு, அளவு, வரி உயரம், எழுத்திடைவெளி, ஓரவெளி, விளிம்பு அனைத்தையும் இரண்டுக்கும் நாமே குறிப்பிட வேண்டும். வரி மடிகின்ற முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்து நிறைந்து ஸ்க்ரோல் பட்டை தோன்றியவுடன் மேல் தளத்தின் அகலம் மட்டும் குறைந்து, வரிகள் வேறிடத்தில் மடியத் தொடங்கும். ஆகவே பட்டைக்கான இடத்தை இரண்டிலும் முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். எழுத்து ஒரு புதிய வரிக்குறியோடு முடிந்தால், கீழ்த் தளம் அந்த வெற்று வரியைக் காட்டாது. கடைசி வரிக்கு வரும்போது நிறங்கள் ஒரு வரி தள்ளி நிற்கும். அதற்குக் கீழ்த் தளத்தின் இறுதியில் இன்னொரு புதிய வரிக்குறி சேர்த்தால் போதும். பழைய ஐபோன் ஒன்றில், பெட்டியின் இரு பக்கமும் அகற்ற முடியாத 3 பிக்சல் ஓரவெளி இருப்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வார இறுதி செலவாயிற்று.

கீழ்த் தளம் ஒரு நிழல் மட்டுமே என்பதால், திரைவாசிப்பான் அதை வாசிக்காதபடி மறைக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறைக்காவிட்டால் பார்வையற்ற ஒருவருக்கு ஒரே பந்தி இரண்டு தடவை கேட்கும். நிறம் பிரித்தறிய இயலாதவர்களுக்காகப் பின்னணியோடு ஓர் அடிக்கோடும் இடுகிறேன். சொல்லைத் தடிப்பாக்குவது மட்டும் ஆகாது. தடித்த எழுத்து அகலம் கூடியது, உடனே தளங்கள் விலகும்.

தளங்கள் பொருந்தினவென்று எண்ணியிருந்தபோது, தமிழ் எழுத்தின் இயல்பு இன்னொரு பக்கத்தால் வந்தது. மார்க் குறி ஓர் உயிர்மெய்யின் நடுவே விழுந்தால், அதாவது மெய் ஒரு பக்கமும் உயிர்க்குறி மறுபக்கமும் ஆனால், சில உலாவிகள் அவற்றை இரண்டு துண்டுகளாக எடுத்து வரைகின்றன. பகரமும் உகரக் குறியும் சேர்ந்து ‘பு’ என்ற ஒரே வடிவமாவதற்குப் பதிலாக, குறி தனித்து, புள்ளி வட்டமொன்றோடு நிற்கும். கீழ்த் தளத்தின் எழுத்து கண்ணுக்குத் தெரியாது என்பதால் அந்த உடைவு எவர் கண்ணிலும் படவில்லை. அதற்குப் பின்வரும் நிறங்கள் எல்லாம் அரை எழுத்து நகர்ந்து நின்றதைத்தான் கண்டோம். கீழ்த் தளத்துக்குக் கறுப்பு நிறம் கொடுத்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. இவ்வகை வேலையில் நிறம் நகர்ந்தால், முதலில் நிழலைக் கண்ணுக்குத் தெரியச் செய்யுங்கள் என்பேன்.

இதற்கு நல்ல தீர்வு இப்போது உண்டு. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியிலுள்ள கஸ்டம் ஹைலைட் என்ற வசதி, குறி எதையும் இடாமலே எழுத்தின் ஒரு வீச்சுக்கு நிறம் கொடுக்க இடமளிக்கிறது. எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்துவரை என்று சொல்லி, அந்த வீச்சுக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு நிறம் எழுதினால் போதும். குரோமில் இது 2022இல், 105ஆம் பதிப்போடு வந்தது. சஃபாரியில் 2023இன் இறுதியில் 17.2ஆம் பதிப்போடும், ஃபயர்ஃபாக்ஸில் 2025 ஜூனில் 140ஆம் பதிப்போடும் வந்து சேர்ந்தது. டெக்ஸ்ட்ஏரியாவின் உள்ளெழுத்துக்கு இதை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. உலாவி பக்கத்தின் பகுதிகளைக் கிளை கிளையாக வைத்து நிரல்களுக்குக் காட்டும் மரவடிவில் அந்த எழுத்து வெளிப்படுவதில்லை. ஆனால், கீழ்த் தளத்துக்குப் பயன்படுத்தத் தடையேதும் இல்லை. இப்போது என் கீழ்த் தளத்தில் ஒரேயொரு உடையாத எழுத்துத் தொடர் மட்டுமே இருக்கிறது. நிறங்கள் வீச்சுகளாக அதன்மேல் படிகின்றன. எழுத்து துண்டாவதில்லை; பயனர் எழுதும் கோணக் குறிகள் எச்டிஎம்எல் குறிகளாக மாறிவிடும் ஆபத்தும் நீங்கிவிட்டது. இந்த வசதி பின்னணி, எழுத்து நிறம், அடிக்கோடு போன்ற சில பண்புகளையே ஏற்கும். அகலத்தை மாற்றும் எதையும் ஏற்காது. அந்தக் கட்டுப்பாட்டை நான் பெரிய நன்மையாகவே கருதுகிறேன்.

இவ்வளவும் வேலையின் சிறிய பாதிதான். எது பொருத்தம், எது பொருத்தமில்லை என்பதே பெரிய பாதி.

அக்காவின் பட்டியலில் ‘சாலை’ என்ற சொல் இருந்தது. நம் நாட்டு ஆவணங்களில் காலி வீதி, டுப்ளிகேஷன் வீதி என்று ‘வீதி’யே வழங்குவதால், ‘சாலை’ வந்தால் நிறம் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார். நிறம் காட்டத் தொடங்கியதும் அவருடைய பக்கம் மஞ்சளால் நிரம்பியது. வைத்தியசாலை, பாடசாலை, தொழிற்சாலை, நூதனசாலை என்று இங்கு ‘சாலை’ குடியிருக்கும் சொற்கள் ஏராளம். தனிச் சொல்லாக நின்றால் மட்டும் பிடிக்கவேண்டும் என்று, எல்லாப் பாடநூல்களும் சொல்கின்ற சொல்லெல்லைக் குறியை, அதாவது பின்சாய்கோடும் பி என்ற எழுத்தும் சேர்ந்த குறியை, இரு பக்கமும் இட்டேன். இப்போது ஒரு ‘சாலை’யும் பிடிபடவில்லை.

காரணம் இதுதான். ஜாவாஸ்கிரிப்டில் சொல்லெழுத்து என்றால் ஆங்கிலத்தின் 26 எழுத்துகள், அவற்றின் பெரிய வடிவங்கள், பத்து இலக்கங்கள், அடிக்கோட்டுக் குறி ஆகியவை மட்டுமே. யூனிகோட் கொடி என்ற தேடல் விருப்பத்தை இட்டாலும் இந்த விதி தமிழுக்காக மாறுவதில்லை. அதன் பார்வையில் இடைவெளியும் தமிழெழுத்தும் ஒரே இனம். அவற்றுக்கிடையே எல்லை என்று ஒன்று இல்லை. பைத்தன் மொழி வேறு விதமாக இடறுகிறது. அது தமிழ் மெய்களையும் உயிர்களையும் எழுத்தென்று ஏற்கிறது, ஆனால் உயிர்க்குறிகளையும் மெய்யின் மேலிடும் குற்றையும் ஏற்பதில்லை. ஆகவே அங்கே ஒரு சொல்லுக்குள்ளேயே எல்லைகள் முளைக்கின்றன. இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்றே: முன்னால் எழுத்தோ எழுத்தைச் சாரும் குறியோ இல்லை, பின்னாலும் இல்லை என்று நாமே வெளிப்படையாக எழுத வேண்டும். யூனிகோட் எழுத்து வகை, குறி வகை இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். எழுத்து வகையை மட்டும் கேட்டால் அரவும் கொம்பும் வெளியே நின்றுவிடும்.

பட்டியலிலுள்ள சொற்களைத் தேடல் கோலமாக, அதாவது எதைத் தேட வேண்டும் என்று நிரலுக்குச் சொல்லும் குறிவடிவமாக மாற்றும்போது, அவற்றிலுள்ள நிறுத்தக் குறிகளையும் கவனிக்க வேண்டும். ‘ரூ.’ என்று எழுதினால், தேடல் கோலத்தில் அந்தப் புள்ளி ‘எந்த எழுத்தும்’ என்று பொருள்படும். அதனால் ‘ரூபவாஹினி’யின் முதற்பகுதிக்கு நிறம் விழுந்தது. நீண்ட சொற்றொடரைக் குறுகியதற்கு முன் வைக்க வேண்டும் என்பதும் இதே போன்றதுதான். ‘பிரதேச செயலாளர்’ முதலில் நின்றால் ‘பிரதேச செயலாளர் பிரிவு’ ஒருபோதும் முழுதாகப் பிடிபடாது.

இதற்கடுத்த சிக்கலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அது கண்ணால் காண முடியாத சிக்கல். ‘கொழும்பு’ என்ற சொல்லே பல ஆவணங்களில் பிடிபடவில்லை. திரையில் பார்த்தால் பட்டியலிலுள்ளதற்கும் ஆவணத்திலுள்ளதற்கும் ஒரு வேறுபாடும் இல்லை. யூனிகோட்டில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தின் பின் ஒகரக் குறி என்ற ஒரே குறி, அல்லது ககரத்தின் பின் கொம்பு, அதன் பின் அரவு. பழைய பாமினி ஆவணங்களை யூனிகோட்டுக்கு மாற்றித் தரும் நிரல்களில் சில இரண்டாவது விதத்தில் எழுதிவிடுகின்றன. பாமினியில் கொம்பும் அரவும் தனித்தனி விசைகள் என்பதால், அந்தப் பிரிவு அப்படியே யூனிகோட்டுக்குள்ளும் வந்துவிடுகிறது. இவ்விரண்டும் சமமானவை என்று யூனிகோட் தரம் சொல்கிறது. நார்மலைஸ் என்ற கட்டளை அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும்.

ஆனால், எல்லாவற்றையும் அது தீர்ப்பதில்லை. ‘கௌரவ’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அரச ஆவணங்களில் அமைச்சர் பெயருக்கு முன் தவறாமல் வரும் சொல் இது. ஔகாரக் குறியின் வலப்பக்கம் ளகரம் போலவே தோன்றுவதால், பலர் கொம்போடு ககரத்தை இட்டு, அடுத்து ளகரத்தையே அடித்துவிடுகிறார்கள். ‘கௌரவ’ என்பதும் ‘கெளரவ’ என்பதும் பார்வைக்கு ஒன்று. யூனிகோட்டுக்கு அவை வேறு வேறு சொற்கள், அவற்றைச் சமமென்று எந்தத் தரமும் சொல்லவில்லை. நாட்டின் பெயருக்கு முன்னால் வரும் ‘ஸ்ரீ’யிலும் இதுவே நடக்கிறது. 2005இல் யூனிகோட் 4.1ஆம் பதிப்பு ஶகரத்தைத் தனியெழுத்தாகச் சேர்த்த பின்னர், சிலருடைய விசைப்பலகை ஶகரத்தையும் வேறு சிலருடையது ஸகரத்தையும் அடிப்படையாகக் கொண்டு அதே வடிவத்தைத் தருகிறது. இவற்றுக்காக நானே ஒரு சிறிய சமன்பாட்டு அட்டவணை எழுதி வைத்திருக்கிறேன்.

இதில் ஓர் எச்சரிக்கை. சமன்படுத்திய எழுத்தில் தேடும்போது இட எண்கள் மாறிவிடும். மூன்று குறியெண்களாக இருந்த ‘கொ’ இரண்டாகச் சுருங்கியவுடன், அதற்குப் பின்னுள்ள ஒவ்வோர் எழுத்தும் ஓரிடம் முன்னே வருகிறது. அந்த எண்களை வைத்து மூல எழுத்தில் நிறமிட்டால் நிறம் பக்கத்துச் சொல்லில் விழும். ஆகவே சமன்படுத்தும்போதே, புதிய ஒவ்வோரிடமும் மூலத்தில் எந்த இடத்திலிருந்து வந்தது என்று ஒரு வரிசையில் குறித்துக்கொண்டு போக வேண்டும். அக்கா எழுதிய எழுத்தையே சமன்படுத்தி மாற்றிவிடலாமே என்று தோன்றும். அது நான் முன்னர் சொன்ன முடிவுக்கு எதிரானது. கருவி எழுத்தைத் தொடாது.

சொல்லின் உருவம் சரியாகிவிட்டது என்றால், அடுத்து சொல் அசையத் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் தேடுபவர் ஒரு சொல்லைக் கொடுத்தால், பெரும்பாலும் அதே சொல் பின்னால் ஓரிரு எழுத்து மட்டும் கூடி வரும். தமிழில் பெயர்ச்சொல் வேற்றுமை உருபை ஏற்கும்போது அதன் ஈறே மாறுகிறது. தோன்றல், திரிதல், கெடுதல் என்று பள்ளிக்கூடத்தில் படித்த மூன்று விகாரங்களும் இங்கே நிரலின் வரிகளாகத் திரும்பி வந்தன. ‘சட்டம்’ என்று தேடினால் ‘சட்டத்தின்’ பிடிபடாது, ‘சட்டங்கள்’ பிடிபடாது. மகர ஈற்றை நீக்கி ‘சட்ட’ என்று தேடினால் அவை பிடிபடுகின்றன; கூடவே ‘சட்டை’யும் பிடிபடுகிறது, ஏனெனில் குறியெண்களின் வரிசையில் ‘சட்டை’ என்பது ‘சட்ட’வின் பின் ஐகாரக் குறி ஒன்று மட்டுமே. ‘சட்டமூலம்’ என்ற முற்றிலும் வேறான கலைச்சொல்லும் அதனுள் அகப்படுகிறது. ‘கொழும்பு’ என்பது ‘கொழும்பில்’ ஆகும்போது உகரம் கெடுகிறது. ‘நாடு’ ‘நாட்டின்’ ஆகும்போது டகரம் இரட்டிக்கிறது. ‘அரசு’ என்பதன் உகரத்தை நீக்கித் தேடினால் ‘அரசின்’ கிடைக்கும்; ‘அரசியல்’, ‘அரசி’, ‘அரசாங்கம்’ ஆகியவையும் கிடைக்கும்.

இதற்கு நான் கண்ட வழி, சொல்லை ஈற்றின் அடிப்படையில் சில வகுப்புகளாகப் பிரிப்பது. மகர ஈறு, டகர றகர உகர ஈறு, ஏனைய குற்றியலுகரம், மற்ற மெய்யீறு, உயிரீறு என்று ஐந்து வகுப்புகள். ஒவ்வொரு வகுப்புக்கும் அடிச்சொல் எப்படி மாறும், அதன் பின் எந்த ஈறுகள் வரலாம் என்று ஒரு பட்டியல்: இன், இல், ஐ, ஆல், ஓடு, உக்கு, இலிருந்து, உடைய, உம், ஏ, கள் முதலியவையும் அவற்றின் சேர்க்கைகளும், வல்லெழுத்து மிகும் இடங்களும். அடிச்சொல்லுக்குப் பின் மிஞ்சுவது இந்தப் பட்டியலில் இருந்தால் மட்டுமே நிறம். ‘அரசின்’ தேறுகிறது, ‘இயல்’ என்பது உருபல்ல என்பதால் ‘அரசியல்’ தேறுவதில்லை. எழுத்துகளை நினைவில் வைத்து மனிதர் செய்யும் பகுப்பாய்வுக்கு இது ஈடாகாது. ‘நாடும்’ என்ற சொல் ‘நாடு’ம் ‘உம்’மும் சேர்ந்ததா, தேடுகின்ற என்ற பொருளில் வரும் பெயரெச்சமா என்று இந்த நிரலுக்குத் தெரியாது. அத்தகைய இடத்தில் நிறம் விழட்டும் என்று விட்டிருக்கிறேன். தேவையற்ற ஒரு நிறத்தை அக்கா ஒரு நொடியில் கடந்துவிடுவார், விழாத நிறத்தை அவரால் காண முடியாது.

2022இன் மார்ச் முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலங்கள்வரை நீண்டது. அக்கா தம் பழைய மடிக்கணினியின் மின்கலத்தை நம்பி வேலை செய்த நாள்கள் அவை. இணையம் இருக்காது, இருந்தாலும், பிறருடைய நீதிமன்றத் தாள்களை இணையத்தின் மறுமுனையிலுள்ள வெளிக் கணினி ஒன்றுக்கு அனுப்புவதற்கு அவர் உடன்படமாட்டார். ஆகவே கருவி முழுவதும் உலாவிக்குள்ளேயே, இணையமின்றி இயங்க வேண்டியிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொரு விசைக்கும், முழு ஆவணத்திலும் தேடுவது அந்த மடிக்கணினிக்குத் தாங்கவில்லை. விரல் அடித்த எழுத்து திரைக்கு வரத் தாமதித்தது, மின்கலமும் விரைவாகக் குறைந்தது.

ஆல்ஃபிரட் அஹோவும் மார்கரெட் கோராசிக்கும் 1975இல் வெளியிட்ட வழிமுறை இந்த இடத்தில் கைகொடுத்தது. பட்டியலிலுள்ள எல்லாச் சொற்களையும் எழுத்தெழுத்தாக ஒரே மரத்தில் கிளைவிடச் செய்து, ஒரு கிளையில் பொருத்தம் தவறினால் அடுத்து எந்தக் கிளையில் தொடரலாம் என்பதையும் முன்கூட்டியே குறித்து வைத்தால், ஆவணத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே தடவை வாசிப்பதிலேயே எல்லாச் சொற்களும் கிடைத்துவிடும். பட்டியலில் நூறு சொல் இருந்தாலும் ஆயிரம் இருந்தாலும் வாசிப்பு ஒன்றுதான். மரத்தில் அடிச்சொற்களையே வைத்தேன். எல்லையையும் ஈற்றையும் சோதிப்பது, மரம் ஓரிடத்தைக் காட்டிய பின்னர் மட்டுமே. சொற்றொடர்கள் பந்தி எல்லையைக் கடப்பதில்லை என்பதால், மாறிய பந்தியை மட்டும் மீண்டும் வாசிப்பதும் போதுமானதாயிற்று. திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுமானால், ஒரு புதுப்பிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் 16 மில்லிநொடிக்குச் சற்றே கூடுதலான நேரம்தான் உண்டு; நிறமிடும் வேலை அதற்குள் முடியவேண்டும், முடியாவிட்டால் எழுத்துக்கு வழிவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கவேண்டும்.

வேகம் கூடியபின் வேறொரு குறை தெரிந்தது. அக்கா ‘வரிசை’ என்று எழுதத் தொடங்கினால், ‘வரி’ வந்தவுடன் நிறம் மின்னும், சகரம் விழுந்ததும் அணையும். பந்தி முழுவதும் இப்படி மின்னி அணையும்போது கண் களைக்கிறது என்றார். கர்சர் நிற்கின்ற சொல்லுக்கு நிறமிடாமல், இடைவெளியோ நிறுத்தக் குறியோ விழுந்து அந்தச் சொல் முடிந்தபின் மட்டும் நிறமிடும்படி மாற்றினேன். கர்சரின் இடத்தை டெக்ஸ்ட்ஏரியாவே சொல்லிவிடும். எழுதி முடியாத சொல்லைப் பற்றிக் கருவி கருத்துச் சொல்வது சரியல்ல என்பதே என் எண்ணமும். பாமினி விசைகளின் இடைநிலைக் குழப்பங்களும் இதனால் கண்ணில் படாமல் போயின.

இப்போது கையிலிருக்கும் வேலை ‘வைத்திய சாலை’ என்று இடைவெளி விட்டு எழுதப்பட்டு வரும் பழைய தாள்களைப் பற்றியது. அங்கே ‘சாலை’ தனிச் சொல்லாக நிற்பதால் நிறம் விழுகிறது. முன்னால் நிற்கும் சொல்லையும் பார்த்து, ‘வைத்திய’, ‘பாட’, ‘நூதன’ என்பவற்றில் ஒன்றானால் விலக்கிவிடுமாறு ஒரு விதி எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா வேண்டாம் என்றார்.

“அது இருக்கட்டும் தம்பி. அந்த இடைவெளியையும் நான் திருத்தத்தானே வேணும்.”

அந்த நிறத்தை அப்படியே விட்டுவிட்டு, பட்டியலில் ‘வைத்திய சாலை’ என்பதை ஒரு தனி வரியாகச் சேர்த்து, அதற்கு எதிரே ‘வைத்தியசாலை’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.